பின்னால் வருகிறவருக்கும் கண் உண்டு

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் இப்போது ஒரு காட்சி கண்ணில் படுகிறது. காரின் பின்னால் இரண்டு சைக்கிள், சில சமயம் மூன்று, தொங்கிக்கொண்டு போகின்றன. அய்யனார் கோயில் பாதைக்கோ, தென்காசி வழியாகக் குற்றாலத்துக்கோ போய், அங்கே இறக்கி மிதிக்கிறார்கள். சைக்கிள் மிதிக்கிறவரைப் பார்த்தால் எனக்குச் சந்தோஷம். எழுபதைத் தாண்டிய நானும் மிதிக்கிறவன்தான். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு அது முதலில் 'வேலோ'வாகத்தான் அறிமுகம். பிறகுதான் சைக்கிள் ஆயிற்று. ஆகவே என் சண்டை சைக்கிளோடு இல்லை. அதைக் காரில் மாட்டிக்கொண்டு போகிற லட்சணத்தோடுதான்.

ரேக் வாங்கப் போகிறவர்கள் கடையில் மூன்று கேள்வி கேட்கிறார்கள். என்ன விலை? எத்தனை சைக்கிள் பிடிக்கும்? மாட்டியபடியே டிக்கியைத் திறக்கலாமா? கேட்க வேண்டிய இரண்டு கேள்விகளை யாரும் கேட்பதில்லை. ஒன்று, இந்த ஹிட்ச் எத்தனை கிலோவைக் கீழ்நோக்கித் தாங்கும், அது எங்கே எழுதியிருக்கிறது? இரண்டு, சைக்கிளை மாட்டிய பிறகு என் நம்பர் பிளேட்டும் விளக்குகளும் பின்னால் வருகிறவருக்குத் தெரியுமா? இந்த இரண்டுக்கும் பதில் கிடைக்காதவரை பணத்தை எடுக்கக் கூடாது என்பது என் கட்சி.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ரேக்குகளில் ஹிட்சில் மாட்டுவதுதான் சிறந்தது. டிக்கிக் கதவில் பட்டை போட்டுக் கட்டும் வகை பெயின்ட்டைத் தேய்க்கும், ஒவ்வொரு பள்ளத்திலும் பட்டை தளரும். கூரையில் ஏற்றும் வகைக்கு என் வயதுக்காரர்கள் சைக்கிளைத் தலைக்கு மேல் தூக்க வேண்டும். ஏற்றியதை மறந்து தாழ்வான ஷெட்டுக்குள் காரை விட்டால் சைக்கிளும் போச்சு, கூரையும் போச்சு. ஹிட்ச் ரேக்கோ முழங்கால் உயரத்தில் இருக்கிறது. ஆனால் அது நல்ல ரேக்காக இருப்பது ஹிட்ச் நல்லதாக இருக்கும்போது மட்டும்தான். நம் ஊரில் கோளாறு ஆரம்பிப்பது அங்கேதான்.

பொலேரோ, ஸ்கார்ப்பியோ, தார் போன்ற வண்டிகளுக்கு அடியில் தனியாக இரும்புச் சட்டம் ஓடுகிறது. ஹிட்சை அதில் போல்ட் போட்டு முறுக்கலாம். சின்னக் கார்களுக்குத் தனிச் சட்டமே கிடையாது, உடம்பேதான் சட்டம். பின்னால் தெரிகிற பம்பர் வெறும் பிளாஸ்டிக் தோல். அதற்குள்ளே இருக்கிற மெல்லிய தகடு மோதலில் நசுங்குவதற்காக வைத்தது, பாரம் சுமக்க வைத்ததல்ல. அந்தத் தகட்டில் ஒரு பைப்பை வெல்டிங் பட்டறையில் பற்றவைத்து, முனையில் உருண்டையைப் பொருத்தி, "யானையே தொங்கலாம் சார்" என்கிறார்கள். யானை தொங்க வேண்டாம் ஐயா. எத்தனை கிலோ என்று ஒரு சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாருங்கள். முப்பது வருஷத்துக்கு மேல் அரசாங்கக் காகிதத்தோடு குடித்தனம் நடத்தியவன் நான். எழுத்தில் இல்லாத வாக்குறுதிக்கு என்ன மதிப்பு என்று எனக்குத் தெரியும்.

"எழுநூற்றைம்பது கிலோ டிரெய்லரை இழுக்கிற ஹிட்ச், ரெண்டு சைக்கிளைத் தாங்காதா?" என்று கேட்பவர்கள் உண்டு. மாட்டு வண்டி பார்த்தவர்கள் இப்படிக் கேட்க மாட்டார்கள். மாடு இழுப்பது மூட்டை மூட்டையாக. ஆனால் அதன் கழுத்தில் இறங்குகிற பாரம் கொஞ்சம்தான். மீதியை அச்சும் சக்கரமும் சுமக்கின்றன. அதற்காகத்தான் வண்டிக்காரர் முன்பாரம் பின்பாரம் பார்த்து மூட்டை அடுக்குவார். ஹிட்ச்சும் அப்படித்தான். இழுக்கும் திறன் வேறு, கீழ்நோக்கித் தாங்கும் திறன் வேறு. சைக்கிள் ரேக்குக்குச் சொந்தச் சக்கரம் கிடையாது, மொத்தப் பாரமும் மாட்டின் கழுத்தில்தான்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஹிட்ச் தாங்குவது 50 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். ரேக்கின் எடை 17 கிலோ. கியர் சைக்கிள் ஒன்று 15 கிலோ வீதம் இரண்டுக்கு 30. மொத்தம் 47, சரி. அதே ரேக்கில் 20 கிலோ எடையுள்ள பழைய இரும்புச் சைக்கிள் இரண்டை ஏற்றினால் 57. பேட்டரி சைக்கிள் ஒன்று 24 கிலோ என்றால் 65. ரேக்கில் மூன்று சைக்கிளுக்கு இடம் இருக்கிறது என்பதற்காக ஹிட்ச் மூன்றைத் தாங்கும் என்று அர்த்தமில்லை. இதெல்லாம் கார் நிற்கும்போது போட்ட கணக்கு. வேகத்தடையில் ஏறி இறங்கும்போது அதே பாரம் சம்மட்டியாக அடிக்கும். சைக்கிள் எவ்வளவு பின்தள்ளி நிற்கிறதோ அவ்வளவுக்கு அடி பலமாக விழும்.

ரேக்கிலும் இரண்டு வகை. ஒன்று சைக்கிளின் மேல் தண்டைப் பிடித்துத் தொங்கவிடுவது. மலிவு. ஆனால் பெண்கள் சைக்கிளுக்கு அந்தத் தண்டே கிடையாது, கார்பன் தண்டை இறுக்கிப் பிடிக்கவும் கூடாது. மற்றது சக்கரத்தைத் தட்டில் நிறுத்திப் பிடிப்பது. விலை கூடுதல், எடையும் கூடுதல். ஆனால் எந்தச் சைக்கிளும் நிற்கும், ஒன்றோடொன்று உரசாது. நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். வாங்குமுன் பொருத்தம் பாருங்கள். அமெரிக்க ரேக்குகள் இரண்டு அங்குலம் அல்லது ஒன்றேகால் அங்குலச் சதுரக் குழாயில் நுழைபவை. ஐரோப்பிய ரேக்குகள் 50 மில்லிமீட்டர் உருண்டையைக் கவ்வுபவை. ஒன்றுக்கு வாங்கியது இன்னொன்றில் ஏறாது. ரேக்கை மாட்டியதும் சைலன்சர் வாய் எங்கே இருக்கிறது என்றும் குனிந்து பாருங்கள். அதன் நேரே டயர் நின்றால் குற்றாலம் போய்ச் சேர்வதற்குள் ரப்பர் வெந்துவிடும்.

இனி இரண்டாவது கேள்வி. பெரியவர்கள் சைக்கிள் முனைக்கு முனை 170 முதல் 180 சென்டிமீட்டர் இருக்கும். சின்னக் காரின் அகலமும் ஏறக்குறைய அவ்வளவுதான். குறுக்கே மாட்டினால் டயர் பக்கவாட்டில் எட்டிப் பார்க்கும். சுமை பக்கவாட்டிலோ பின்னாலோ அனுமதித்த அளவைத் தாண்டி நீண்டால் 20,000 ரூபாய் அபராதம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 194(1ஏ) பிரிவு சொல்கிறது. 2019 திருத்தத்தில் வந்தது அது. முன்சக்கரத்தைக் கழற்றி டிக்கிக்குள் போட்டால் அந்தத் தொல்லை தீரும். நம்பர் பிளேட்டை அப்படிக் கழற்ற முடியாது. தட்டும் சக்கரமும் அதை மறைத்துக்கொண்டுதான் நிற்கும், பிரேக் விளக்கையும் பாதி விழுங்கும்.

பாரீஸ் பக்கம் குடியிருக்கும் என் தங்கை மகன் இதை எப்படிச் சமாளிக்கிறான் என்று கேட்டேன். பிளேட் மறைந்தால் அதே எண்ணை இன்னொரு பலகையில் எழுதி ரேக்கின் மேல் மாட்ட வேண்டும். எண் தெரியாவிட்டால் 135 யூரோ தண்டம். ரேக்கிலேயே பிரேக் விளக்கும் இண்டிகேட்டரும் இருக்கின்றன. ஹிட்ச் பக்கத்துப் பிளக்கில் செருகினால் காரின் விளக்கோடு சேர்ந்து எரிகின்றன. இதில் பெரிய விஞ்ஞானம் ஒன்றுமில்லை.

இங்கே? 2019 ஏப்ரல் 1 முதல் புது வண்டிகளுக்கு உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் கட்டாயம். திரும்பக் கழற்றி மாட்ட முடியாத பூட்டோடு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. திருட்டைத் தடுக்க நல்ல ஏற்பாடுதான், குறை சொல்லவில்லை. ஆனால் ரேக்கில் மாட்ட மூன்றாவதாக ஒரு பலகை தரும் ஏற்பாடு இல்லை. ஒழுங்காக நடக்க நினைக்கிறவனுக்கும் வழி இல்லை என்றால் அது என்ன ஒழுங்கு? 2017-இல் காருக்கு முன்னால் மாட்டும் இரும்புக் கம்பிகளைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவைக் காட்டி மத்திய அரசு தடுத்தது. பின்பக்கத்துக்கு மட்டும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"நம்ம ஊர்ல யார் சார் பிடிக்கிறாங்க?" என்பதுதான் எனக்குக் கிடைக்கிற பதில். போலீசுக்காக நான் பேசவில்லை. ராத்திரி ஷிப்ட் முடிந்து மில்லிலிருந்து மொபெட்டில் வீடு திரும்புகிற தொழிலாளிக்காகப் பேசுகிறேன். அவர் கண்ணுக்கு உங்கள் பிரேக் விளக்குதான் எச்சரிக்கை. அது சைக்கிள் டயருக்குப் பின்னால் ஒளிந்திருந்தால், நீங்கள் நின்றது அவருக்கு மோதிய பிறகுதான் தெரியும். "அந்தக் காலத்தில் பஸ் கூரையில் கட்டிக்கொண்டு போகவில்லையா?" என்றும் கேட்பார்கள். போனோம். கூரையில் கிடந்த சைக்கிள் பஸ்ஸின் விளக்கையும் எண்ணையும் மறைக்கவில்லை.

ஆயிரக்கணக்கில் கொடுத்து சைக்கிள் வாங்கிவிட்டு ஹிட்சுக்கு வெல்டிங் பட்டறை தேடுவதைத்தான் ஊசி போகிற இடம் பார்த்து உலக்கை போகிற இடம் பார்க்காமல் விடுவது என்பார்கள். ஆகவே அரசாங்கத்திடம் கேட்பது இரண்டு. ரேக்குக்கென்று மூன்றாவது நம்பர் பிளேட். எத்தனை கிலோ தாங்கும் என்ற முத்திரைத் தகடு இல்லாத ஹிட்சை விற்கவோ பொருத்தவோ தடை. கார் வைத்திருப்பவர்களிடம் கேட்பது ஒன்றுதான். அந்தத் தகடும் ரேக்கில் விளக்கும் வராதவரை பின்சீட்டை மடக்கி, இரண்டு சக்கரத்தையும் கழற்றி, ஒரு பழைய போர்வையில் சுற்றி சைக்கிளைக் காருக்குள் படுக்க வையுங்கள். பத்து நிமிஷ வேலை. இரண்டாவது சைக்கிளுக்கு இடம் போதவில்லையா? ராஜபாளையத்திலிருந்து அய்யனார் கோயிலுக்கு வீட்டு வாசலிலேயே ஏறி மிதிக்கலாம்.