பெருத்தாலும் பலம் இல்லை! எலும்பை பதம் பார்க்கும் போர் தண்ணீர்

தர்மபுரி:

வத்தல்மலை அமைந்துள்ள தர்மபுரி மாவட்டத்தில் போர் தண்ணீரால் பல்லில் கறை பிடிக்கும் என்பது ஊரறிந்த சங்கதி. கறைதானே என்று பலரும் விட்டு விடுகிறார்கள். ஆனால் அதே புளோரைடு எலும்புக்குள்ளும் வேலை காட்டுகிறது.

பாறையில் உள்ள புளோரைடு நிலத்தடி நீரில் கரைகிறது. போர் போட்டால் அந்த தண்ணீர்தான் குடத்துக்கு வருகிறது. இந்திய தர நிர்ணயப்படி லிட்டருக்கு 1 மில்லி கிராம் வரை இருக்கலாம். வேறு தண்ணீர் கிடைக்காவிட்டால் 1.5 வரை. அதற்கு மேல் போனால் ஆபத்து.

கொத்தனார் செல்கள்

உடம்பில் எலும்பை கட்ட சில செல்களும், பழைய எலும்பை இடித்து எடுக்க சில செல்களும் உள்ளன. புளோரைடு இதில் கட்டுகிற செல்களை முடுக்கி விடுகிறது. அதனால் எலும்பு கனக்கிறது. ஆனால் கலவை சரியில்லாத சுவர் மாதிரி, பார்க்க பெருசு, பலம் கம்மி. தசைநார்களிலும் சுண்ணாம்பு படிந்து கழுத்து, முதுகு விறைத்து விடும். குனிந்து நிமிர்ந்து கூலி வேலை செய்பவர் பாடு திண்டாட்டம்தான்.

இதற்கு ஆதாரம் உண்டு. எலும்பு தேய்மானம் உள்ள 202 பெண்களை வைத்து அமெரிக்காவில் நடந்த 4 ஆண்டு ஆய்வின் முடிவு 1990-ல் வெளியானது. அதிக அளவு புளோரைடு மருந்து சாப்பிட்டவர்களுக்கு முதுகெலும்பு அடர்த்தி 35 சதவீதம் கூடியது. ஆனாலும் முதுகெலும்பு முறிவு குறிப்பிடும்படி குறையவில்லை. மற்ற எலும்புகள் முறிவது அதிகமானது.

குழாய் வராத நாளில்...

இதற்காகத்தான் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு ஜப்பான் கடனுதவியுடன் ரூ.1,928 கோடியில் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் திட்டம் வந்தது. 2008-ல் அடிக்கல் நாட்டி, 2013-ல் தொடங்கி வைக்கப்பட்டது. ஆனால் குழாயில் தண்ணீர் வராத நாளில் மறுபடியும் போர் தண்ணீரை குடித்தால் திட்டம் வந்தும் பலன் இல்லை.

கொதிக்க வைத்தால் புளோரைடு போகாது. தண்ணீர் சுண்ட சுண்ட அளவு கூடத்தான் செய்யும். ருசியிலும், நிறத்திலும் கண்டுபிடிக்க முடியாது. மலையோ, சமவெளியோ, பரிசோதனை ஒன்றுதான் வழி. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் சோதித்து பார்க்கலாம். அதுவரை போர் தண்ணீர் குளிக்க, துவைக்க மட்டும் இருக்கட்டும். குடிக்கவும், சோறு பொங்கவும் குழாய் தண்ணீரை பிடித்து வைப்பதே நல்லது.

எலும்பில் ஏறிய புளோரைடு லேசில் இறங்காது. வளரும் பிள்ளைகளின் எலும்பில் அது இன்னும் வேகமாக சேரும். குடத்தை மாற்ற வேண்டியது இப்போதே!