திறவுகோல் யாரிடம்?

மார்மன் சபையைப் பற்றிப் பேசும் மேடைகளில் ஒரு பாராட்டு தவறாமல் வருகிறது. அங்கே குருமார் வர்க்கமே கிடையாதாம். 12 வயதுப் பையன் முதல் பல்லுப்போன தாத்தா வரை எல்லோரும் ஆசாரியர்களாம். ஆகவே மத அதிகாரம் முழுக்க மக்களிடமே இருக்கிறதாம். பல வருடங்களாக இதைக் கேட்டு மனம் கொதித்திருக்கிறேன். ஒதுக்கப்பட்டவர்களின் கதையை இந்தப் பேச்சு மூடி மறைக்கிறது.

சம்பளம் வாங்காத சபை என்கிறார்கள். உள்ளூர் பிஷப்புக்குச் சம்பளமில்லை. முழுநேர உயர்தலைவர்களுக்கு வாழ்க்கைப்படி உண்டு.

பட்டம் எல்லோருக்கும் கிடைக்கிறது என்கிறார்கள். உதவிக்காரர், போதகர், ஆசாரியர், மூப்பர் என்று பட்டங்கள் கிடைப்பது உண்மைதான். ஆனால் பட்டம் வேறு, அதிகாரம் வேறு. அந்த அதிகாரத்துக்குச் சபையே வைத்திருக்கும் பெயர் ‘திறவுகோல்கள்’. ஆசாரியராக நியமிக்கப்பட்ட இளைஞர் ஞானஸ்நானம் கொடுக்கலாம், பிஷப் அனுமதித்தால். அந்த பிஷப்பை நியமிக்கத் தலைமைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். உறுப்பினர்கள் வலது கையை உயர்த்தி ஆதரவு தெரிவிக்கிறார்கள். ஆனால் போட்டி வேட்பாளர் என்று யாரும் இல்லை. தலைவர் இறந்தால் அப்போஸ்தலர்களில் மூத்தவர் அந்த இடத்துக்கு வருகிறார்.

பெண்களுக்கு 1842 முதலே நிவாரணச் சங்கம் இருக்கிறதே என்கிறார்கள். சங்கம் இருக்கிறது, ஆசாரியத்துவம் இல்லை. பெண்களுக்கும் அதைக் கேட்டு இயக்கம் தொடங்கிய கேட் கெல்லியை 2014-ல் சபை நீக்கியது.

இவற்றையெல்லாம் ஒதுக்கி வைத்தாலும் எலைஜா ஏபெல் என்ற கறுப்பினத் தச்சரை யாராலும் ஒதுக்க முடியாது. நிறுவனர் ஜோசப் ஸ்மித் உயிரோடிருந்தபோதே, 1836-ல், ஏபெல் மூப்பராகவும் பிறகு ‘எழுபதின்மர்’ என்ற ஆசாரியத்துவக் குழுவில் ஒருவராகவும் நியமிக்கப்பட்டார். ஊழியத்துக்கும் அனுப்பப்பட்டார். 1852-ல் ஸ்மித்தின் வாரிசு பிரிகாம் யங், ஆப்பிரிக்க வம்சத்தாருக்கு ஆசாரியத்துவம் கிடையாது என்று யூட்டாவில் பகிரங்கமாக அறிவித்தார். அதன் பிறகு அங்கே குடிபெயர்ந்த ஏபெல் சால்ட் லேக் கோயில் கட்டுமானத்தில் உழைத்தார். கோயில் சடங்குகளுக்கு அனுமதி கேட்டார். யங் மறுத்தார்.

1879-ல், ஏபெலின் நியமனமே செல்லாது என்று சிலர் கிளப்பிவிட்டார்கள். ஜோசப் எஃப். ஸ்மித் என்ற அப்போஸ்தலர் அவரை நேரில் விசாரித்தார். ஏபெல் தன் சான்றிதழ்களைக் காட்டினார். நியமனம் உண்மையே என்று ஸ்மித் தலைவர்களிடம் எடுத்துச் சொன்னார். அப்போதும் கோயில் கதவு திறக்கவில்லை. முதிய வயதில் மறுபடியும் ஊழியத்துக்குப் போன ஏபெல், திரும்பிய சில வாரங்களில், 1884 கிறிஸ்துமஸ் அன்று இறந்தார். 1908-ல், இப்போது சபைத் தலைவராகிவிட்ட அதே ஜோசப் எஃப். ஸ்மித், ஏபெலின் நியமனத்தை நிறுவனரே ரத்துசெய்துவிட்டதாகச் சொன்னார். காகிதத்தைக் கண்ணால் பார்த்தவரின் வாயிலிருந்து வந்த வார்த்தை அது. சான்றிதழ் ஏபெலிடம் இருந்தது. அது செல்லுமா என்று சொல்லும் உரிமை வேறொருவரிடம் இருந்தது.

1978-ல் திருத்திக்கொண்டார்களே என்பார்கள். ஆம், ஜூனில் தடை நீங்கியது. யார் நீக்கினார்கள்? உச்சியில் இருந்தவர்கள். உறுப்பினர்கள் மாநாட்டில் கை உயர்த்தியது செப்டம்பர் 30-ல், முடிவு அறிவிக்கப்பட்டு மாதங்கள் கடந்த பிறகு. தடைக்குச் சொல்லப்பட்டு வந்த இனவாத விளக்கங்களைச் சபை 2013-ல் தன் கட்டுரையில் கைவிட்டது. 126 ஆண்டுகள் அந்தத் தடையைச் சுமந்தவர்களின் கையில் அந்த முடிவு ஒருபோதும் இருக்கவில்லை.

ஒரு சபையில் மக்களுக்கு அதிகாரம் உண்டா என்று பார்க்க, எத்தனை பேருக்குப் பட்டம் கொடுத்தார்கள் என்று எண்ணிப் பயனில்லை. கொடுத்ததைச் செல்லாது என்று சொல்ல யாரால் முடிகிறது, அதை எதிர்த்துக் கேட்க யாரால் முடிகிறது என்று பாருங்கள்.