சம்பளத்தை நண்பர்கள்கிட்ட சொல்லலாமா? கண்டிப்பா சொல்லுங்க, ஆனா சிடிசியை மட்டும் சொல்லாதீங்க!



மூணு நாள் லீவு சேர்ந்தாப்ல வந்துட்டா போதும், சென்னை, பெங்களூரு, கோயம்புத்தூர்ல வேலை பார்க்கிற நம்ம ஆட்கள் கொடைக்கானலுக்கு வண்டியைக் கிளப்பிடறாங்க. அதுலயும் டவுன்ல கூட்டம் ஜாஸ்தின்னு வட்டக்கானலுக்குப் போறவங்க நிறைய பேர். இ-பாஸ் எடுத்து, ஹோம்ஸ்டே போட்டு, டால்ஃபின் நோஸ் வரைக்கும் நடந்துட்டு வந்து, ராத்திரி கேம்ப் ஃபயர் முன்னாடி உட்கார்ந்தா கொஞ்ச நேரத்துல அந்தக் கேள்வி வந்துடும். "மச்சான், இப்போ உனக்கு எவ்ளோடா?"

இதுக்கு மூணு விதமா பதில் வரும். ஒருத்தர் "ஏதோ ஓடுதுடா"ன்னு நழுவிடுவார். இன்னொருத்தர் சிடிசியை ஒரு ரவுண்டு ஏத்திச் சொல்வார். மூணாவது ஆள், "என்னை விடு, அவனுக்கு எவ்ளோ தெரியுமா?"ன்னு டிரிப்புக்கே வராத நண்பரோட சம்பளத்தைச் சொல்வார். இந்த மூணு பதில்லயும் யாருக்கும் பத்து பைசா பிரயோஜனம் இல்ல. மலை இறங்கும்போது ரெண்டு பேர் மனசுல பாரம்தான் மிச்சம்.

"அப்போ சம்பளத்தைப் பத்திப் பேசாம இருக்கிறதே நல்லது"ன்னு பல பேர் அட்வைஸ் பண்றாங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்ல. சம்பளத்தைப் பேசணும், அதுவும் முழுசாப் பேசணும் என்பதுதான் என் கருத்து. காரணத்தைச் சொல்றேன்.

நான் சொல்ல முடியாது, நீங்க சொல்லலாம்

ஜூலை மாசம் வந்தா என் மேஜையில ஃபார்ம் 16 குவியும். ஒரே வேலை, ஏறக்குறைய ஒரே அனுபவம், ஒரே ஊர்னு இருக்கிறவங்களோட ஃபார்ம்கள் அடுத்தடுத்து வரும். சம்பளத்துல மட்டும் லட்சக்கணக்குல வித்தியாசம் இருக்கும். கம்மியா வாங்குறவங்களுக்கு அது தெரியவே தெரியாது. எனக்குத் தெரியும், ஆனா நான் வாயைத் திறக்க முடியாது. ஒரு கிளையண்ட்டோட தகவலை இன்னொருத்தர்கிட்ட சொன்னா அது 1949-ம் வருஷத்து சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட்ஸ் சட்டப்படி தொழில் ஒழுங்கீனம். அந்தக் கட்டுப்பாடு சரியானதுதான். ஆனா அந்த ரெண்டு பேரும் நண்பர்களா இருந்தா, ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கலாமே?

கொடைக்கானல் மேல்மலையில பூம்பாறை, மன்னவனூர் பக்கம் மலைப்பூண்டு விளையுது. 2019-ல புவிசார் குறியீடு வாங்கின பூண்டு. அந்த விவசாயிகள் மூட்டையை வடுகபட்டி மண்டிக்கு அனுப்புறதுக்கு முன்னாடி என்ன செய்வாங்க? நேத்து விற்றவர்கிட்ட "கிலோ என்ன விலை போச்சு?"ன்னு கேட்பாங்க. கேட்கிறவருக்கும் கூச்சம் இல்ல, சொல்றவருக்கும் பந்தா இல்ல. விலை தெரியாம மண்டிக்குப் போனா வியாபாரி சொன்னதுதான் விலைன்னு ரெண்டு பேருக்குமே தெரியும்.

நாம விற்கிறது நம்ம நேரத்தையும் திறமையையும். சம்பளம் அதுக்கான விலை. அதை நாம பத்தாங்கிளாஸ் மார்க் ஷீட் மாதிரி பார்க்கிறோம், அங்கதான் சிக்கல். மார்க்னா கம்மியா எடுத்தவங்க ஒளிச்சு வைப்பாங்க, அதிகம் எடுத்தவங்க பந்தா காட்டுவாங்க. விலைன்னு நினைச்சா, "ஓ, மார்க்கெட்ல இப்போ இவ்ளோ போகுதா?"ன்னு கேட்டுட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம்.

பேசாம இருந்தா யாருக்கு நஷ்டம்?

அமெரிக்காவுல லில்லி லெட்பெட்டர்னு ஒரு பெண்மணி. அலபாமாவுல குட்இயர் டயர் ஃபேக்டரியில 1979-ல சேர்ந்து ஏரியா மேனேஜரா இருந்தாங்க. 1998-ல யாரோ பேர் போடாம ஒரு துண்டுச்சீட்டை அவங்களுக்கு வெச்சுட்டுப் போனாங்க. அதுல அவங்க சம்பளமும் அதே வேலை பார்த்த ஆண்களோட சம்பளமும் இருந்துச்சு. கோர்ட் ஆவணப்படி, இவங்களுக்கு மாசம் 3,727 டாலர். அதே பதவியில இருந்த ஆண்கள்லயே குறைஞ்ச சம்பளம் 4,286 டாலர்.

கேஸ் போட்டாங்க. 2007-ல அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்குல அவங்களுக்கு எதிரா தீர்ப்பு சொல்லிடுச்சு. பாகுபாடு நடந்த 180 நாளுக்குள்ள புகார் கொடுத்திருக்கணுமாம்! தெரியாத விஷயத்துக்கு எப்படிப் புகார் கொடுப்பாங்க? அப்புறம் 2009-ல அவங்க பேர்லயே ஒரு சட்டம் வந்து இந்தக் காலக்கெடு விதியை மாத்துச்சு. ஆனா அவங்க விட்ட பணம் அவங்களுக்குத் திரும்ப வரல.

நம்ம நாட்டுல 1976-லயே சம ஊதியச் சட்டம் வந்துடுச்சு. ஆனா பக்கத்து சீட்டுக்காரர் சம்பளம் என்னன்னே தெரியாத ஒருத்தர் எதை வெச்சு சம ஊதியம் கேட்பார்? முக்கியமா, இதைப் படிக்கிற பெண்கள் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. பசங்க கேம்ப் ஃபயர்ல அரைகுறையாவாவது இதைப் பேசிக்கிறாங்க. உங்க வட்டத்துல இந்தப் பேச்சு வருதா?

பேசினா மனசு கெடும்ங்கிறதும் உண்மைதான்

எதிர்த்தரப்பு வாதத்துலயும் நியாயம் இருக்கு. 2008-ல கலிஃபோர்னியாவுல ஒரு பத்திரிகை, அரசு ஊழியர்களோட சம்பளத்தை யார் வேணும்னாலும் தேடிப் பார்க்கிற மாதிரி இணையத்துல போட்டுச்சு. கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஊழியர்கள் சில பேருக்கு இந்தத் தகவலைச் சொல்லி, டேவிட் கார்டு உள்ளிட்ட பொருளாதார அறிஞர்கள் ஒரு ஆய்வு பண்ணினாங்க. தங்கள் பிரிவுல சராசரிக்குக் கீழ வாங்குறவங்களுக்கு வேலையில திருப்தி குறைஞ்சுது, வேற வேலை தேடுற எண்ணம் கூடுச்சு. சராசரிக்கு மேல வாங்குறவங்களுக்கு? சந்தோஷம் ஒண்ணும் கூடல.

நார்வேயில யாரோட வருமான விவரத்தையும் யாரும் பார்க்கலாம். 2001-ல அது இணையத்துக்கு வந்ததும் ஜனங்க பக்கத்து வீட்டுக்காரர் சம்பளத்தைத் தேடித் தேடிப் பார்த்தாங்க. பணக்காரர்களுக்கும் ஏழைகளுக்கும் நடுவுல இருந்த மகிழ்ச்சி இடைவெளி 29% கூடிடுச்சுன்னு ஒரு ஆய்வு சொல்லுது. 2014-ல ஒரு மாத்தம் கொண்டு வந்தாங்க. நீங்க யாரைத் தேடினீங்களோ, அவங்களுக்கு உங்க பேர் தெரியும். உடனே தேடுறது சடசடன்னு குறைஞ்சுது. மறைஞ்சிருந்து எட்டிப் பார்க்கிற ஆர்வம்தான் அதுல பாதி. நேருக்கு நேர் கேட்டு, நாமும் சொல்றது வேற மாதிரி விஷயம்.

அதனால ஒப்பிடுறதுக்கு ஒரு நோக்கம் வேணும். சரியான எண்ணையும் ஒப்பிடணும். நம்ம ஆட்கள் பெரும்பாலும் ஒப்பிடுறது தப்பான எண்ணை.

13.9 பெருசா, 11.5 பெருசா?

ஒரு உதாரணக் கணக்கு பார்க்கலாம். ரெண்டு பேருக்குமே பேசிக் வருஷத்துக்கு 6 லட்சம்னு வெச்சுக்குவோம்.

பெங்களூரு நண்பர், சிடிசி 13.9 லட்சம்:
- நிலையான சம்பளம்: 10,20,000 (மாசம் 85,000)
- வேரியபிள் பே: 1,50,000
- ஜாயினிங் போனஸ்: 1,00,000
- கம்பெனி போடுற பிஎஃப்: 72,000
- கிராஜுவிட்டி: 28,860
- இன்ஷூரன்ஸ்: 19,140

மாசம் 85,000-ல அவரோட பிஎஃப் 6,000, தொழில் வரி 200 போக, கைக்கு 78,800.

கோயம்புத்தூர் நண்பர், சிடிசி 11.5 லட்சம்:
- நிலையான சம்பளம்: 10,92,000 (மாசம் 91,000)
- கம்பெனி போடுற பிஎஃப்: 21,600 (மாசம் 1,800 மட்டும்)
- கிராஜுவிட்டி: 28,860
- இன்ஷூரன்ஸ்: 7,540

பிஎஃப் 1,800, தொழில் வரி போக கைக்கு சுமார் 89,000.

2025-26 புதிய வரி முறையில, 75,000 நிலையான கழிவோட சேர்த்து 12.75 லட்சம் சம்பளம் வரைக்கும் வரி இல்லை. அதனால ரெண்டு பேருக்கும் வருமான வரி பூஜ்யம்.

"பெங்களூரு ஆளுக்கு பிஎஃப் அதிகமா சேருதே?"ன்னு கேட்பீங்க. சரியான கேள்வி, பிஎஃப் நம்ம பணம்தான். கைக்கு வர்றதையும் ரெண்டு பக்க பிஎஃப்பையும் கூட்டினா, பெங்களூரு நண்பருக்கு வருஷம் 10,89,600. கோயம்புத்தூர் நண்பருக்கு சுமார் 11,11,000. சிடிசியில 2.4 லட்சம் கம்மியா இருக்கிறவர், உறுதியா வர்ற பணத்துல 21,000 மேல இருக்கார்! வேரியபிளும் போனஸும் முழுசா வந்தா பெங்களூரு நண்பர் முதல் வருஷம் முந்திடுவார். ஆனா வேரியபிள் உறுதி கிடையாது. ஜாயினிங் போனஸ் அடுத்த வருஷம் வராது, சீக்கிரம் வேலையை விட்டா பெரும்பாலும் திருப்பிக் கட்டணும். ரெண்டு ஊர் வாடகையை நான் இன்னும் கணக்குலயே சேர்க்கல.

கேம்ப் ஃபயர்ல என்ன நடக்கும்? கோயம்புத்தூர்க்காரர் 13.9-ஐக் கேட்டுட்டு அமைதியாயிடுவார். தேவையே இல்லாத வருத்தம்.

ஹைக் பர்சென்ட்டும் ஆஃபர் லெட்டரும்

"எனக்கு 30% ஹைக்"னு ஒருத்தர் சொன்னா, "எதுல இருந்து?"ன்னு கேளுங்க. 6 லட்சத்துல 30% என்பது 1.8 லட்சம். 12 லட்சத்துல 15% என்பதும் அதே 1.8 லட்சம்தான்.

ஆஃபர் லெட்டர்ல இருக்கிற எண்ணும் சம்பளம் இல்ல. 2023 பிப்ரவரியில விப்ரோ, 6.5 லட்சம் ஆஃபர் கொடுத்து வேலையில சேரக் காத்திருந்த ஃப்ரெஷர்கள்கிட்ட 3.5 லட்சத்துக்கு வர சம்மதமான்னு கேட்டது செய்தியா வந்துச்சு. அந்த 6.5-ஐ எத்தனை வாட்ஸ்அப் குரூப்ல, எத்தனை சொந்தக்காரங்க வீட்டுல ஒப்பிட்டிருப்பாங்க? அக்கவுண்ட்ல கிரெடிட் ஆன எண்ணை மட்டும் ஒப்பிடுங்க.

எப்படிப் பேசுறது?

1. முதல்ல நீங்க சொல்லுங்க, அப்புறம் கேளுங்க. நீங்க சொல்லாம அவங்களை மட்டும் கேட்டா அது விசாரணை.

2. நாலு விஷயம் சொல்லுங்க: மாச நிலையான சம்பளம், கைக்கு வர்றது, பிஎஃப், போன வருஷம் உண்மையா வந்த வேரியபிள். கூடவே வேலை, அனுபவம், ஊர்.

3. உங்க மாதிரி வேலையில இருக்கிற மூணு, நாலு பேர்கிட்டயாவது கேளுங்க. ஒருத்தர் சொன்னதை வெச்சு பேப்பர் போட்டுடாதீங்க.

4. உங்க அப்பாயின்ட்மென்ட் லெட்டரைப் படிங்க. சம்பளத்தை வெளியில சொல்லக் கூடாதுன்னு பல கம்பெனிகள் ஒரு ஷரத்து போட்டிருப்பாங்க. இருந்தா, அதைத் தெரிஞ்சு முடிவெடுங்க. எதுவா இருந்தாலும் பே ஸ்லிப்பை ஃபார்வர்டு பண்ணாதீங்க. பான் நம்பர், பேங்க் அக்கவுண்ட் நம்பர் எல்லாம் அதுல இருக்கும்.

5. அப்ரைசல்ல நண்பர் பேரை இழுக்காதீங்க. "அவனுக்கு மட்டும் ஏன்?"னு கேட்டா அவருக்கும் பிரச்சினை, உங்க வாதமும் பலவீனம். "இந்த ரோலுக்கு, இந்த அனுபவத்துக்கு மார்க்கெட்ல இந்த ரேஞ்ச் இருக்கு. இந்த வருஷம் நான் செஞ்ச வேலை இது. என் சம்பளம் ரேஞ்சுக்குக் கீழ இருக்கு"ன்னு பேசுங்க.

6. அதிகம் வாங்குறவர் நீங்களா? அப்போ முதல்ல பேச வேண்டியவரும் நீங்கதான். இன்டர்வியூல எவ்ளோ கேட்டீங்க, எப்படிக் கேட்டீங்கன்னு சொல்லிக் கொடுங்க. உங்க சம்பளத்துல ஒரு ரூபா குறையாது.

சம்பளத்தை ஒப்பிடலாம், வாழ்க்கையை வேணாம்

ரெண்டு பேர் கைக்கும் 89,000 வருதுன்னு வைங்க. ஒருத்தருக்குச் சொந்த வீடு, அப்பா ரிட்டயர்டு, பென்ஷன் வருது. இன்னொருத்தர் எஜுகேஷன் லோன் கட்டி, தங்கச்சி காலேஜ் ஃபீஸ் கட்டி, ஊருக்கும் அனுப்பணும். சம்பளம் ஒண்ணு, நிலைமை ஒண்ணில்ல. அதனால சேமிப்பு, எஸ்ஐபி, வீடு, கார் இதையெல்லாம் அடுத்தவங்களோட ஒப்பிடாதீங்க. போன வருஷத்து உங்களோட மட்டும் ஒப்பிடுங்க. போன வருஷம் சம்பளத்துல 12% சேமிச்சீங்க, இந்த வருஷம் 16%னா, நீங்க ஜெயிச்சிட்டீங்க.

அடுத்த டிரிப் பிளான் பண்ணும்போதும் இதை ஞாபகம் வெச்சுக்கோங்க. பட்ஜெட்டை குரூப்ல குறைஞ்சு வாங்குறவருக்குத் தகுந்த மாதிரி போடுங்க, அதிகம் வாங்குறவருக்குத் தகுந்த மாதிரி இல்ல. வாய் விட்டுச் சொல்ல முடியாம கிரெடிட் கார்டுல தேய்ச்சு, மாசம் 3.5% வட்டியில, அதாவது வருஷத்துக்கு 42%ல, அந்த வட்டக்கானல் ஃபோட்டோவுக்குப் பணம் கட்டிட்டு இருக்கிற ஒருத்தர் உங்க குரூப்லயும் இருக்கலாம். யாருக்கு எவ்ளோ வருதுன்னு உண்மையாப் பேசியிருந்தா அவருக்கு அந்தக் கடனே வந்திருக்காது.

இன்னைக்கே ஒரு வேலை பண்ணுங்க. உங்க கடைசி பே ஸ்லிப்பை எடுத்து, மேல சொன்ன நாலு எண்ணையும் ஒரு பேப்பர்ல எழுதுங்க. உங்களை மாதிரியே வேலை பார்க்கிற, நீங்க நம்புற ஒரு நண்பருக்கு ஃபோன் போட்டு உங்க எண்ணை முதல்ல சொல்லுங்க. சிடிசியைப் பிரிச்சுப் பார்க்கிற கணக்கை நம்ம சேனல்ல தனி வீடியோவா போடறேன்.