கை தட்டினால் பறக்கும், தட்டாதீர்கள்

போன வருஷம் ஜனவரியில் நான் ஒரு பறவையைப் பார்த்துக் கை தட்டினேன். பாராட்டி இல்லை. அது பறக்க வேண்டும் என்பதற்காக.

அயோவா சிட்டியிலிருந்து கிழக்கே 80ஆம் எண் நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் போனால் லெக்ளேர் என்ற சின்ன ஊர், மிசிசிப்பி ஆற்றங்கரையில். அங்கே 14ஆம் எண் அணை. குளிர்காலத்தில் அங்கே பால்ட் ஈகிள் கூட்டம் கூட்டமாக வரும் என்று கேள்விப்பட்டு நாங்கள் நாலு பேர், ஓட்டைக் கார் ஒன்று, ஒரு பிளாஸ்க் டீ, கடன் வாங்கிய கேமரா சகிதம் கிளம்பினோம்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. பால்ட் என்றதும் வழுக்கைத் தலை என்று நினைத்துவிடாதீர்கள். பழைய ஆங்கிலத்தில் வெள்ளை என்ற பொருளும் அந்தச் சொல்லுக்கு உண்டாம். தமிழில் வெண்தலைக் கழுகு என்கிறோம், நம் பெயர்தான் சரியாக இருக்கிறது :-) முதன்முதலில் பார்த்தபோது எனக்கு நம்மூர்க் கருடன் ஞாபகம்தான் வந்தது. செம்பருந்துக்கும் தலை வெள்ளைதானே. ஆனால் இது ரொம்பப் பெரிசு. சிறகை விரித்தால் இரண்டு மீட்டர்.

சரி, கதைக்கு வருகிறேன். கார் நிறுத்துமிடத்தை ஒட்டிய மரத்தில், தாழ்ந்த கிளையில் ஒன்று உட்கார்ந்திருந்தது. நாற்பது நிமிஷம் பார்த்தோம். அசையவே இல்லை. "என்ன மச்சி, பொம்மை மாதிரி இருக்கு" என்றான் ஒருத்தன். நான் காரை விட்டு இறங்கி, கையுறையைக் கழற்றி, பட் பட்டென்று இரண்டு தட்டு தட்டினேன். கழுகு ஒரு தடவை கீழே பார்த்தது. பிறகு எழும்பி ஆற்றைக் கடந்து இல்லினாய் பக்கம் போய்விட்டது. படம் பிரமாதமாக வந்தது. எல்லோரும் "சூப்பர்டா".

பக்கத்துக் காரில் ஒரு பெரியவர் கண்ணாடியை இறக்கினார். திட்டுவார் என்று நினைத்தேன். "காலையில் அது தின்ற மீனை இப்போது உனக்காகச் செலவழித்துவிட்டுப் போகிறது" என்று மட்டும் சொல்லிவிட்டு ஏற்றிக்கொண்டார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

திரும்பி வந்ததும் உட்கார்ந்து படித்தேன். மினியாபொலிசிலிருந்து செயின்ட் லூயிஸ் பக்கம் வரை மிசிசிப்பியில் சரக்குப் படகுகளுக்காகக் கட்டிய 29 அணைகள் இருக்கின்றன. வடக்கே ஏரிகளும் ஆறுகளும் உறைந்ததும் கழுகுகள் தெற்கே வருகின்றன. அணைக்குக் கீழே தண்ணீர் சுழன்றுகொண்டே இருப்பதால் அந்த இடம் மட்டும் உறையாது. மதகு வழியாக வரும் கிஸ்ஸர்ட் ஷாட் என்கிற வெள்ளி நிற மீன்கள் மயங்கியோ செத்தோ மேலே மிதக்கும். கழுகுக்கு அது பந்தி. ஆக, அது அங்கே வருவது நமக்குக் காட்சி கொடுக்க இல்லை, பிழைக்க. அசையாமல் உட்கார்ந்திருப்பது சோம்பலும் இல்லை. அந்தக் குளிரில் உடம்புச் சூட்டைக் காப்பாற்றிக்கொள்ள அதற்குத் தெரிந்த கணக்கு அதுதான். மீன் பிடிக்கும் நேரம் போக மிச்ச நேரம் சும்மா இருந்தால்தான் வரவும் செலவும் கட்டும்.

"ஒரு தடவை பறந்தால் என்ன குறைந்துவிடும்?" என்று என்னுடன் வந்தவனே கேட்டான். நியாயமான கேள்விதான். ஒரு தடவை என்றால் ஒன்றும் ஆகாது. ஆனால் சனி ஞாயிறுகளில் அந்த அணைக்கு நாள் முழுக்கக் கார் வந்துகொண்டே இருக்கிறது. நான் தட்டியது எனக்குத்தான் முதல் தடவை. கழுகுக்கு அன்றைக்கு எத்தனையாவது என்று யாருக்குத் தெரியும்?

இன்னொரு வாதம், "இப்போதுதான் நிறைய இருக்கிறதே". உண்மை. 2021இல் அமெரிக்க அரசு வெளியிட்ட கணக்குப்படி அலாஸ்காவும் ஹவாயும் நீங்கலாக 3,16,700 கழுகுகள், கூடு கட்டும் ஜோடிகள் 71,400. ஆனால் 1963இல் இதே பரப்பில் இருந்த ஜோடிகள் வெறும் 417. வயலுக்கு அடித்த டி.டி.டி. ஆற்றில் இறங்கி, மீனுக்குள் போய், மீனைத் தின்ற கழுகின் முட்டை ஓட்டை மெல்லிசாக்கியது. அடைகாக்க உட்கார்ந்த தாயின் எடையிலேயே முட்டை நொறுங்கியது. 1972இல் டி.டி.டி.யைத் தடை செய்தார்கள், பாதுகாப்புச் சட்டங்களை இறுக்கினார்கள், 2007இல்தான் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பட்டியலிலிருந்து பெயரை எடுத்தார்கள். நான் படிக்கும் இந்த அயோவாவில் 1905க்குப் பிறகு 1977 வரை ஒரு கூடுகூடத் தெரிய வரவில்லை. எழுபது வருஷம்! அப்படிப் போன பறவை திரும்பி வந்து காருக்கு மேலே உட்காருகிறது, நான் கை தட்டுகிறேன். (அரசு முத்திரையில் 1782இலேயே ஏற்றிவிட்டார்கள். ஆனால் தேசியப் பறவை என்று சட்டமாக எழுதியது 2024 டிசம்பரில்தான். இதுவும் படித்தபோதுதான் தெரிந்தது.)

சட்டம் என்ன சொல்கிறது என்றும் பார்த்தேன், கொஞ்சம் பயத்தில். 1940ஆம் வருஷத்துக் கழுகுப் பாதுகாப்புச் சட்டம் இன்றும் இருக்கிறது. தொந்தரவு செய்வதும் குற்றம், முதல் தடவைக்கே ஒரு லட்சம் டாலர் வரை அபராதம், ஒரு வருஷம் வரை ஜெயில். ஆனால் அவர்கள் தொந்தரவு என்பது காயம் ஏற்படுத்தக்கூடிய, குஞ்சு பொரிப்பதைக் குறைக்கக்கூடிய, கூட்டையே கைவிட வைக்கக்கூடிய தொந்தரவை. என் இரண்டு கைத்தட்டல் அதில் வராது என்று நினைக்கிறேன். இதே கையைக் கூட்டுக்குக் கீழே நின்று தட்டியிருந்தால் கதை வேறு.

கூடு என்பது சாதாரண விஷயம் இல்லை. ஆற்றங்கரையில் உயரமான காட்டன்வுட் மரமாகப் பார்த்துக் கட்டும். அதே ஜோடி வருஷா வருஷம் அதே கூட்டுக்கு வந்து மேலே மேலே குச்சி அடுக்கும். ஃபுளோரிடாவில் 1963இல் அளந்த ஒன்று 2.9 மீட்டர் அகலம், 6 மீட்டர் ஆழம், இரண்டு டன்னுக்கு மேல். இங்கே பிப்ரவரி, மார்ச்சிலேயே முட்டையிடும், அதாவது பனி இன்னும் கிடக்கும்போதே. அடைகாப்பது 35 நாள். அந்த நாட்களில் நாம் போய் தாயைக் கிளப்பிவிட்டால் முட்டை சில்லிட்டுப்போகும். கோடை தொடங்கும்போது குஞ்சு பெரிசாகியிருக்கும், ஆனால் சரியாகப் பறக்கத் தெரியாது. அப்போது பயமுறுத்தினால் நேரம் வருமுன்பே குதித்துவிடும். கூடு கண்ணில் படுகிற இடத்தில் நடந்து போகிறவர்கள் 330 அடி, அதாவது நூறு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்று அரசின் வழிகாட்டுதல் இருக்கிறது. கூட்டுக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்தே ஆகவேண்டுமா? இதே மாநிலத்தில் டெக்கோரா என்ற ஊரில் மரத்தில் கேமரா வைத்து 2011இல் நேரடியாகக் காட்டினார்கள், உலகமே பார்த்தது. மரத்தடிக்குப் போய் நிற்பதைவிட அதில் நன்றாகவே தெரியும்.

அதனால் இந்தக் குளிர்காலத்தில் போகிறவர்களுக்கு என் வேண்டுகோள்: காரை விட்டு இறங்காதீர்கள். கழுகுகள் காரைப் பெரிசாகக் கண்டுகொள்வதில்லை, இரண்டு காலில் நடக்கிறவனைத்தான் கவனிக்கின்றன. கூடு எங்கே இருக்கிறது என்று தெரிந்தாலும் ஊருக்கெல்லாம் வழி சொல்லாதீர்கள். நம்மூரில் கருடன் தலைக்கு மேல் வட்டமிட்டால் கன்னத்தில் போட்டுக்கொண்டு நிற்போம். கிட்டப் போய்க் கல் எறிவோமா என்ன?

இந்த ஜனவரியில் மறுபடி போனேன், தனியாக. என்ஜினை அணைத்துவிட்டு இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கால் மரத்துப்போய்விட்டது. ஒரு வெண்தலை, பக்கத்தில் உடம்பெல்லாம் பழுப்பாக ஒரு இளசு (தலை வெளுக்க ஐந்து வருஷம் ஆகும், போன தடவை அதை வேறு ஏதோ பறவை என்று வாதாடினோம்!). இளசு அடிக்கடி இடம் மாறியது, பெரிசு கழுத்தை மட்டும் திருப்பியது. பதினொன்றரை மணிக்கு, யாரும் கேட்காமல், பெரிசு கிளையை விட்டது. தண்ணீரை ஒட்டிப் போய்க் காலை நீட்டி ஒரு மீனைத் தூக்கிக்கொண்டு திரும்பவும் அதே கிளைக்கு வந்தது. படம் எடுத்தேன். கலங்கலாக இருக்கிறது, மீன் தெரியவில்லை.

போன வருஷத்துப் படத்தை அழித்துவிட்டேன். கேட்டவர்கள் மன்னிக்கவும்.