மேஜர் எந்த மொழியில் பேசினால் என்ன?

போன சனிக்கிழமை வீட்டில் ஒரு குட்டிப் போர். 13 வயசுப் பையன் 'கோஸ்ட் இன் தி ஷெல்: ஸ்டாண்ட் அலோன் காம்ப்ளெக்ஸ்' பார்த்துக்கொண்டிருந்தான். 2002-ல் வந்த ஜப்பானியத் தொடர், ஆங்கில டப்பிங்கில்.

"ஜப்பானிய மொழியிலேயே பாருடா, கீழேதான் எழுத்து ஓடுதே" என்றேன்.

"எழுத்தைப் படிச்சா சண்டை போயிடும்பா."

உட்கார்ந்து பார்த்தேன். அவன் சொன்னது சரிதான். 'பிரிவு 9' என்ற அதிரடிப்படை. ஆளுக்கொரு பக்கம் நின்றுகொண்டு பேசிக்கொண்டே நகர்கிறார்கள். கண் எழுத்தில் இருந்தால் யார் எங்கே போனார் என்பதே புரியாது. மேஜர் குசனகிக்கு ஆங்கிலக் குரல் மேரி எலிசபெத் மெக்லின். அலட்டாத, தாழ்ந்த குரல். கேட்டாலே ஆள் நகர்வான்! டப்பிங் என்றாலே மட்டம் என்ற என் பழைய வாதம் காலி :)

ஆனால் ஊர் ஞாபகம் வந்துவிட்டது. எங்க ஊர் கௌதள்ளி, கொள்ளேகாலத்திலிருந்து மாதேஸ்வரன் மலைக்குப் போகிற வழி. 1956 வரை கோயம்புத்தூர் மாவட்டம், பிறகு மைசூர், 1997-லிருந்து சாமராஜநகர். வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடம். கன்னடத் திரையுலகம் 1960-களிலிருந்து டப்பிங்கை உள்ளே விடவில்லை. தங்கள் கலைஞர்களின் பிழைப்பு போய்விடுமே என்ற பயம். நியாயமான பயம்தான். ஆனால் நடந்தது என்ன? என் கன்னட நண்பர்கள் எங்கள் வீட்டுக்கு வந்து தமிழில் படம் பார்த்தார்கள். 2015-ல் போட்டி ஆணையம் அந்தத் தடை தவறு என்றது. 2017-ல் அஜித்தின் 'என்னை அறிந்தால்', 'சத்யதேவ் ஐ.பி.எஸ்.' ஆகிக் கன்னடம் பேசியது.

பிள்ளைகளின் விளையாட்டுக்குள் வராத மொழியை விட்டுவிட்டு, பிள்ளைகள் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

இப்போது என் வீட்டிலும் அதே கதை. திட்டம் போட, கட்டளையிட, தைரியமாகப் பேச அவனுக்கு ஆங்கிலம். "சாப்பிட்டியா, குளிச்சியா"வுக்கு மட்டும் தமிழ். பாட்டியிடம் போனில் இரண்டு நிமிஷத்துக்கு மேல் பேச்சு ஓடுவதில்லை.

அதற்காக ஆங்கில டப்பிங்கைத் திட்டிப் பயனில்லை. அது தன் வேலையை நன்றாகச் செய்கிறது. நமக்கும் அந்த வேலை தெரியும். 2025-ல் 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காஸில்' இந்தியத் தியேட்டர்களில் தமிழிலும் வந்தது. தமிழ்க் குரல் கிடைக்கிற இடத்தில் பிள்ளையோடு உட்கார்ந்து ஒருமுறையாவது தமிழில் பாருங்கள். தமிழிலும் ஒருவர் படை நடத்த முடியும் என்பது அவன் காதில் விழட்டும்.

டிஸ்கி: இதைப் படித்துவிட்டுத் தங்கமணி சொன்னது: "முதல்ல நீங்க அவன்கிட்ட தமிழ்ல திட்டுங்க!"