போலீசும் அவரே, நீதிபதியும் அவரே!

அவர் மோட்டார் சைக்கிளில் வருவார். தலையில் இரும்புத் தொப்பி. தோளில் கழுகுச் சின்னம். முகம் தெரியாது.

குற்றவாளியைப் பிடிப்பவர் அவர். விசாரிப்பவரும் அவர். தீர்ப்புச் சொல்பவரும் அவர். தெருவிலேயே எல்லாம் முடிந்துவிடும். வக்கீல் இல்லை. வாய்தா இல்லை. அப்பீல் இல்லை!

பெயர், ஜட்ஜ் டிரெட்.

பயப்படாதீர்கள். இவர் இங்கிலாந்து நாட்டுப் படக்கதையில் வருகிறவர். 1977-ம் ஆண்டு '2000 ஏ.டி.' என்ற வாரப் பத்திரிகையின் 2-வது இதழில் தோன்றினார். பாத்திரத்தை உருவாக்கியவர் ஜான் வாக்னர். உருவம் கொடுத்த ஓவியர் கார்லோஸ் எஸ்குவேரா. இந்த ஓவியர் ஸ்பெயின் நாட்டுக்காரர். சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சியில் வளர்ந்தவர். அந்தக் கழுகும், பூட்சும், விறைப்பும் எங்கிருந்து வந்தன என்று ஊகித்துக் கொள்ளலாம்.

கதை நடப்பது நூறு ஆண்டுக்கும் மேல் கழித்து. இடம் அமெரிக்கா. அணுகுண்டுப் போரில் நாடு பாழாகிவிட்டது. கிழக்குக் கரையில் ஒரு ராட்சத நகரம் மிஞ்சி நிற்கிறது. அதன் பெயர் மெகா சிட்டி ஒன்று. அதில் 80 கோடி ஜனங்கள்! ஒரு டவுன் ஜனம் ஒரே கட்டிடத்தில் குடியிருக்கும். பெரும்பாலோருக்கு வேலை கிடையாது. வேலைகளை எல்லாம் இயந்திர மனிதர்கள் செய்துவிடுகிறார்கள். நீதிபதிகள்தான் அரசாங்கம். சர்க்கரை வைத்திருந்தால்கூடக் குற்றம்!

ஆசிரியர் இதைக் கேலியாகத்தான் எழுதினார். ஆனால் படித்தவர்களில் பலர் டிரெட்டை மாவீரர் என்று கொண்டாடினார்கள். அங்கேதான் சங்கடம் தொடங்குகிறது.

மேஜை மேல் ஒரு நகரம்

இந்தக் கதையை வைத்து விளையாடவும் செய்கிறார்கள்.

1985-ல் 'கேம்ஸ் ஒர்க்ஷாப்' என்ற இங்கிலாந்துக் கம்பெனி, ஜட்ஜ் டிரெட் கதையை மேஜை விளையாட்டாக வெளியிட்டது. மார்க் காஸ்காயின், ரிக் பிரீஸ்ட்லி என்ற இருவர் எழுதினார்கள். பிறகு வேறு கம்பெனிகளும் வெளியிட்டன.

எப்படி ஆடுவது? நாலைந்து பேர் மேஜையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் கதை நடத்துவார். மற்றவர்களுக்கு ஆளுக்கு ஒரு பாத்திரம். ஒவ்வொருவர் கையிலும் ஒரு தாள். பாத்திரத்தின் பெயர், பலம், திறமை எல்லாம் அதில் எழுதியிருக்கும்.

"கதவுக்குப் பின்னால் அழுகுரல் கேட்கிறது. என்ன செய்கிறீர்கள்?" என்பார் கதை நடத்துபவர்.

"கதவை உடைக்கிறேன்" என்பான் ஒருவன்.

உடைந்ததா, இல்லையா? அதைப் பகடை சொல்லும். திறமையை நூற்றுக்கு இத்தனை என்று குறித்திருப்பார்கள். 45 என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து முகமுள்ள பகடைகள் இரண்டை உருட்ட வேண்டும். ஒன்று பத்துகளைக் காட்டும். மற்றது ஒன்றுகளைக் காட்டும். 45-ம் அதற்குக் கீழும் விழுந்தால் வெற்றி.

பகடை என்றதும் பெற்றோர் முகம் சுளிக்க வேண்டாம். காசு வைத்து ஆடும் சூதாட்டம் அல்ல இது. பிள்ளைகள் கூட்டல் கழித்தல் போட்டு, பேசிச் சிரித்து ஆடுகிற ஆட்டம். 1974-ல் அமெரிக்காவில் 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்ற ஆட்டத்துடன் இந்தப் பழக்கம் பரவியது.

நான் பேச வந்தது அந்தத் தாளைப் பற்றி.

எல்லோரும் தெரு நீதிபதியாகவே ஆடினால் சீக்கிரம் அலுத்துப் போகும். ஐந்து பேரும் சுடுவார்கள். ஐந்து பேரும் மோட்டார் சைக்கிள் ஓட்டுவார்கள். ஆகையால் தனித்துறை நீதிபதிகளை உண்டாக்குகிறார்கள். படக்கதையிலேயே இவர்கள் உண்டு. இயந்திரங்களையும் தடயங்களையும் ஆராய்கிறவர் டெக் ஜட்ஜ். வைத்தியம் பார்ப்பவர் மெட் ஜட்ஜ். மாறுவேடத்தில் ஜனங்களோடு கலந்து உளவு பார்ப்போர் 'வாலி ஸ்குவாட்'. பிறர் மனதைப் படிக்கிறவர் சை ஜட்ஜ்.

ஆட வருகிற பையன் முதலில் என்ன கேட்கிறான்? "எனக்கு என்ன சக்தி?" என்றுதான். தாள் நிறையச் சக்திகளை எழுதிக்கொள்கிறான்.

என் அபிப்பிராயம் வேறு. முதல் வரியில் அவன் எழுத வேண்டியது ஒரு கேள்விக்குப் பதில். "என் பாத்திரம் சொல்வது தப்பாக இருந்தால், அதைக் கண்டுபிடிக்கிறவர் யார்?"

தெரு நீதிபதி தப்புச் செய்தால் பக்கத்தில் நிற்கிறவருக்குத் தெரியும். துப்பாக்கியும் கண்ணும் அவருக்கும் உண்டு. தனித்துறைக்காரர் சொல்வதை யார் சரி பார்ப்பது? அவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாது. அதற்காகத்தானே அவரைக் கூப்பிடுகிறார்கள்!

"இவன்தான் கொலைகாரன்!"

ஒரு கதை வைத்துக்கொள்வோம்.

ஒரு கட்டிடத்தின் 40-வது மாடியில் கொலை. பக்கத்து வீட்டுக்காரன் நடுங்குகிறான். சை ஜட்ஜாக ஆடுகிற பெண் பகடையை உருட்டுகிறாள். நல்ல எண் விழுகிறது.

"அவன் மனதில் பயம் இருக்கிறது. குற்றம் செய்த உறுத்தல் இருக்கிறது" என்கிறார் கதை நடத்துபவர். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

"இவன்தான் கொலைகாரன்!" என்று கத்துகிறாள் அவள்.

தெரு நீதிபதியாக ஆடுகிறவன் உடனே தீர்ப்புச் சொல்கிறான். இருபது வருஷம் சிறை! ஒரு நிமிஷத்தில் எல்லாம் முடிந்தது. எல்லோருக்கும் சந்தோஷம்.

அரை மணி நேரம் கழித்து உண்மை வெளிவருகிறது. கொலைகாரன் வேறொருவன். நடுங்கியவன் செய்த குற்றம், தாயாருக்காக ஒரு பொட்டலம் சர்க்கரை ஒளித்து வைத்தது.

இங்கே பகடை பொய் சொல்லவில்லை. அவன் மனதில் உறுத்தல் இருந்தது மெய்தான். அது எதைப் பற்றிய உறுத்தல் என்று யாரும் கேட்கவில்லை. அவன் வீட்டை யாரும் சோதனை போடவில்லை. கத்தி எங்கே என்று தேடவில்லை.

ஆகையால் சை ஜட்ஜின் தாளில் ஒரு விதி எழுத வேண்டும் என்பேன். மனதில் கண்டது துப்பு மட்டுமே. கையில் பிடிக்கக்கூடிய ஒரு சாட்சி கிடைக்கும் வரை தீர்ப்புக் கிடையாது. இந்த ஒரு விதியால் ஆட்டம் எவ்வளவு ருசியாகிறது பாருங்கள்! சை ஜட்ஜுக்குத் தெரிகிறது, ஆனால் நிரூபிக்க முடியவில்லை. தெரு நீதிபதிக்குப் பொறுமை இல்லை. டெக் ஜட்ஜோ இன்னும் ரத்தக் கறையைச் சோதித்து முடிக்கவில்லை. மேஜையில் வாக்குவாதம் சூடு பிடிக்கும்.

நம் நாட்டிலும் இப்படி ஒரு கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவருக்கு மயக்க மருந்து கொடுத்துப் பேச வைப்பது, மூளை அலையைப் பதிவு செய்வது, பொய் காட்டும் கருவியில் உட்கார வைப்பது இவற்றை எல்லாம் அவர் சம்மதம் இல்லாமல் செய்யக் கூடாது என்று 2010-ல் தீர்ப்பாயிற்று. வழக்கின் பெயர் செல்வி எதிர் கர்நாடக மாநிலம்.

அதற்கு வெகு காலம் முன்பே நமக்குச் சிலப்பதிகாரம் இருக்கிறது. பாண்டியன் கெட்டவன் அல்ல. பொற்கொல்லன் சொன்னதை நம்பினான். சிலம்பைப் பற்றிப் பொற்கொல்லனை விட யாருக்குத் தெரியும்? அவன்தான் அந்த வேலையில் கைதேர்ந்தவன். அவனே திருடன் என்பதுதான் மன்னனுக்குத் தெரியவில்லை. உள்ளே இருப்பது முத்தா, மாணிக்கமா என்று உடைத்துப் பார்க்கக் கண்ணகி வர வேண்டியிருந்தது. அதற்குள் கோவலன் தலை போய்விட்டது.

உயிரோடு இருப்பதே குற்றம்!

படக்கதையின் மிகப் பிரபலமான சை ஜட்ஜ், ஆண்டர்சன் என்ற பெண். 1980-ல் முதலில் வந்தாள். மற்ற நீதிபதிகளைப் போல் உர்ரென்று இருக்க மாட்டாள். கிண்டல் பேசுவாள்.

அவள் எதிர்த்து நின்றது மரண நீதிபதியை. அவன் வேறொரு உலகத்திலிருந்து வந்தவன். அவனுடைய நியாயம் என்ன தெரியுமா? குற்றம் செய்கிறவர்கள் எல்லாம் உயிரோடு இருப்பவர்கள். ஆகவே உயிரோடு இருப்பதே குற்றம். எல்லோருக்கும் மரண தண்டனை!

கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் "நான் சொன்னதே சட்டம்" என்று தொடங்குகிறவனைத் தட்டிக் கேட்க ஆள் இல்லாவிட்டால், கடைசியில் அவன் போய் நிற்கிற இடம் அதுதானே?

அவனுடைய ஆவி ஆண்டர்சனின் உடம்புக்குள் புகுந்தது. அவள் அதை வெளியே விடாமல் தன்னுள்ளேயே பிடித்து வைத்துக்கொண்டாள். அவளையும் சேர்த்து ஒரு கெட்டியான ரசாயனத்தில் அடைத்துவிட்டார்கள்! சை ஜட்ஜாக ஆட விரும்புகிறவர்கள் இந்தக் கதையைப் படிக்க வேண்டும். அவளுடைய சக்தி அவளிடமிருந்தே ஒரு விலை வாங்கியது. தாளில் அந்த விலைக்கும் ஒரு வரி வேண்டும்.

ஒரு மேஜைக்கு ஒரு சை ஜட்ஜ் போதும். இரண்டு பேர் இருந்தால் மர்மம் என்று எதுவும் மிஞ்சாது.

மெட் ஜட்ஜைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அடிபட்ட நீதிபதி ஒரு பக்கம், அடிபட்ட கொள்ளைக்காரன் மறு பக்கம். கொள்ளைக்காரனுக்குக் காயம் அதிகம். முதலில் யாருக்குக் கட்டுப் போடுவது? ஆட்டம் தொடங்கும் முன்பே இதற்கு விடை எழுதி வைக்கச் சொல்லுங்கள். அந்த ஒரு வரியில் பாத்திரம் உயிர் பெற்றுவிடும்.

டெக் ஜட்ஜின் கஷ்டம் வேறு. துப்பாக்கிச் சண்டை ஒரு மணி நேரம் நடக்கும். அவராக ஆடுகிற பிள்ளை நிலக்கடலை கொறித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அவனுக்கும் வேலை கொடுப்பது கதை நடத்துபவரின் பொறுப்பு.

தங்க மீன் துணைத் தலைவர்!

நீதிபதிகளைக் கண்காணிக்க ஒரு தனிப் படை உண்டு. அதன் பெயர் எஸ்.ஜே.எஸ். தப்புச் செய்த நீதிபதியைப் பிடித்துத் தண்டிப்பது இவர்கள் வேலை.

"பின்னே என்ன? பிரச்சினை தீர்ந்தது!" என்று நினைப்பீர்கள்.

தீரவில்லை. 1978-ல் வெளிவந்த கதையில், இந்தப் படையின் தலைவரே துரோகியாகிறார். பெயர், ஜட்ஜ் கால். தலைமை நீதிபதியைக் கொல்லச் செய்து, தானே அந்த நாற்காலியில் ஏறிக்கொள்கிறார். பிறகு பைத்தியக்கார தர்பார்தான். ஒரு தங்க மீனைத் துணைத் தலைமை நீதிபதி ஆக்குகிறார்! நகரத்தின் அத்தனை ஜனங்களுக்கும் மரண தண்டனை விதிக்கிறார். ரோமாபுரி மன்னன் கலிகுலாவை மனதில் வைத்து உருவாக்கிய பாத்திரம் இது. கலிகுலா தன் குதிரைக்கே பெரிய பதவி கொடுக்க நினைத்தான் என்பார்கள்.

இந்தப் படையைச் சேர்ந்த பாத்திரத்தை ஆடுகிறவர் யாருக்கும் கொடுக்கக் கூடாது என்பது என் கட்சி. நண்பர்களில் ஒருவன் மற்ற நாலு பேரை உளவு பார்த்தால், ஆட்டம் முடிந்த பிறகும் மனஸ்தாபம் மிஞ்சும். அது கதை நடத்துபவரின் கையிலேயே இருக்கட்டும். ஆனால் இருக்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் கதவைத் தட்டி, "போன வாரம் ஒருவனுக்கு இருபது வருஷம் கொடுத்தீர்களே, சாட்சி என்ன?" என்று கேட்க ஓர் ஆள் வேண்டும்.

கணக்குச் சொல்ல வேண்டுமானால் கணக்கு எழுதியிருக்க வேண்டும் அல்லவா? தாளின் முன்பக்கத்தில் துப்பாக்கிக்கு இடம் உண்டு. மோட்டார் சைக்கிளுக்கும் இடம் உண்டு. தண்டனை பெற்றவர்களின் பெயரை எழுத இடம் இல்லை. பின்பக்கம் காலியாகத்தானே கிடக்கிறது? பென்சிலால் மூன்று கோடு போட்டால் போதும். பெயர், தண்டனை, சாட்சி. அந்தச் சர்க்கரைப் பொட்டலக்காரனின் பெயரை முதல் வரியில் எழுதலாம்.