மலையில தென்னை பிழைக்கும், காய்க்குமா?

கொடைக்கானல் கீழ்மலைப் பக்கம் இடம் வாங்குற நகரத்து ஆட்கள் இப்போ நிறைய. தாண்டிக்குடி, பண்ணைக்காடுன்னு மேலே போற வழியில எங்க அய்யம்பாளையம் பக்கம் வண்டியை நிறுத்தி தென்னங்கன்னு கேட்பாங்க. அய்யம்பாளையம் நெட்டை பேர் போன ரகம். நானும் கொஞ்சம் கன்னு போட்டு விக்கிறவன்தான். ஆனா மலைக்குன்னு சொன்னா கொடுக்கிறதில்லை. "வியாபாரம் தெரியாத மனுஷன்"னு பக்கத்துத் தோட்டத்துக்காரர் சொல்றார். என் காரணத்தை இங்கே எழுதி வைக்கிறேன், படிச்சுட்டு நீங்களே சொல்லுங்க.

வர்றவங்க எல்லாரும் கேட்கிற கேள்வி ஒண்ணுதான்: "ஐயா, அந்தக் குளிர்ல பிழைக்குமா?" பெரும்பாலும் பிழைக்கும். சிக்கலே அதுலதான் இருக்கு.

தென்னை கடற்கரையில பிறந்த மரம். சராசரியா 27 டிகிரி வெப்பம், ராத்திரிக்கும் பகலுக்கும் பெரிய வித்தியாசம் இல்லாத இடம், இதுதான் அதுக்குப் பிடிச்சது. மலையில 1,000 மீட்டர் ஏறினா சுமாரா 6 டிகிரி குறையும். கொடைக்கானல் ஊரே 2,100 மீட்டர் உயரம். மார்கழி, தை மாசத்துல அங்கே பள்ளமான புல்வெளியில உறைபனி படியும். அங்கே தென்னை வராதுன்னு யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. இடையில இருக்கிற கீழ்மலையிலதான் ஆள் ஏமாறுறது.

மாமரத்துல ஒரு கிளை பட்டுப்போனா பக்கத்துல வேற துளிர் வரும். தென்னைக்கு உச்சியில ஒரே ஒரு குருத்து. அது செத்தா மரமே போச்சு. தண்டுல அடிபட்டாலும் மற்ற மரம் மாதிரி பட்டை மூடி ஆறாது. குளிர் பட்டா முதல்ல கீற்று நுனி கருகும், அப்புறம் மட்டை மஞ்சளாகும், புதுசா வர்ற மட்டை குட்டையா வரும். கீழ்மலைக்கு ஐப்பசி, கார்த்திகையில வடகிழக்குப் பருவமழை நல்லா பெய்யும், பின்னாலயே பனிமூட்டம். குளிரும் ஈரமும் சேர்ந்தா குருத்தழுகல் பூஞ்சாணத்துக்குக் கொண்டாட்டம். நடுக்குருத்தை லேசா இழுத்தா நாத்தத்தோட கையோட வந்துடும்.

இதெல்லாம் தாண்டி நிக்கிற மரத்துக்கு என்ன ஆகும்? சமவெளியில நல்லா பராமரிச்ச தென்னை மாசத்துக்கு ஒரு மட்டை விடும், மட்டைக்கு ஒரு பாளை. குளிர்ல இந்த வேகம் குறைஞ்சிடும். வர்ற பாளையிலயும் காய் சரியாப் பிடிக்காது, குரும்பை உதிரும். மரம் உயிரோட இருக்கும், உரமும் தண்ணியும் கேட்கும், காய் மட்டும் பேருக்குத்தான் இருக்கும்.

"பெங்களூர் 900 மீட்டர் உயரம், அங்கே தெருவுக்குத் தெரு தென்னை நிக்குதே"ன்னு ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. அது திறந்த பீடபூமி, பகல்ல வெயில் அடிச்சு ஈரம் காய்ஞ்சிடும். கீழ்மலையில மூட்டம் தங்கும், காபிக்கு வச்ச சில்வர் ஓக் நிழல் வேற. உயரம் மட்டும் கணக்கில்லை. குளிர்ந்த காத்து ராத்திரியில தண்ணி மாதிரி சரிவுல இறங்கிப் பள்ளத்துல தேங்கும். அதனால ஒரே தோட்டத்துல மேட்டுல நிக்கிற கன்னு தப்பிக்கும், ஓடைப் பக்கம் நிக்கிறது கருகும்.

"பக்கத்து எஸ்டேட்ல அஞ்சு வருஷமா நிக்குது"ன்னு சொல்றதையும் நம்பாதீங்க. அமெரிக்காவுல ஃபுளோரிடாவோட தென்பகுதியில தென்னை நிறைய உண்டு. 2010 ஜனவரியில வழக்கத்தைவிட நீளமா ஒரு குளிர் வந்துச்சு. பல வருஷம் நல்லா நின்ன மரங்கள் எத்தனையோ அதுல செத்துப்போச்சு. நல்ல வருஷம் எத்தனை போனாலும் ஒரு கெட்ட தை மாசம் போதும்.

ஏற்கெனவே நட்டவங்களுக்கு நாலு வார்த்தை. கருகின மட்டையைக் குளிர்காலத்துலயே வெட்டாதீங்க. அது குருத்துக்குப் போர்வை. சித்திரை வரைக்கும் பொறுங்க, புதுக் குருத்து வந்தா மரம் இருக்கு. தண்ணியைக் குருத்துல ஊத்தாதீங்க, அடியில தேங்கவும் விடாதீங்க. தூரைச் சுத்தி சருகு மூடாக்கு போடுங்க, சாம்பல் சத்து குறையாம பாத்துக்குங்க. குருத்து அழுகியிருந்தா அழுகினதைச் சீவி எடுத்துட்டு போர்டோ பசை தடவுங்க.

இனிமே நடப்போறவங்க மலைக்குப் பழக்கமானதை நடுங்க. பனை சாதிதான் வேணும்னா கூந்தப்பனை இருக்கே, அந்த மலைக்காட்டு மரம்தான் அது. வருமானத்துக்குக் காபி, மிளகு, மலைவாழை, பட்டர் ஃப்ரூட் இருக்கு.

நெட்டைத் தென்னை சமவெளியிலயே பாளை விட அஞ்சாறு வருஷம் ஆகும். மேலே இன்னும் தள்ளும். கன்னு வித்தவன் அதுக்குள்ள உங்களை மறந்திருப்பான். நீங்க அத்தனை வருஷம் தண்ணியும் கூலியும் போட்டிருப்பீங்க. கன்னு விலை சின்னக் காசு, ஆனா அந்த வருஷங்களை யார் திருப்பித் தருவா? அதனால விக்கிறவன் விக்கும்போதே சொல்லணும், அதுதான் மரியாதையான வியாபாரம்.

தேங்காய் வேணும்னா போற வழியில எங்ககிட்ட மூட்டையா வாங்கிட்டுப் போங்க. இறங்கும்போது உங்க மிளகை எங்களுக்குக் கொண்டு வாங்க. ரெண்டு பேருக்கும் லாபம்.